குமரிக் கடற்காற்றில் நவீன கிளாசிக் பைக்: தேர்வு முதல் பராமரிப்பு வரை முழுமையான வழிகாட்டி

நவீன கிளாசிக் என்ற பெயரில் விற்பனைக்கு வரும் மோட்டார் சைக்கிள்களின் தோற்றம் 1950களையும் 60களையும் சேர்ந்தது. உள்ளே இருப்பவை எரிபொருள் உட்செலுத்தும் அமைப்பு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக், மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி போன்ற இன்றைய காலத்துச் சாதனங்கள். வட்ட வடிவ முகப்பு விளக்கு, குண்டான பெட்ரோல் டேங்க், குரோமியம் பூசிய சைலன்சர், ஸ்போக்ஸ் சக்கரம், தகர மட்கார்டு ஆகியவற்றுக்காகவே பலரும் இவற்றை வாங்குகிறார்கள்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இத்தகைய வண்டியை வாங்க நினைப்பவர் ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. இன்றைய கிளாசிக் வண்டியின் எஞ்சின் உரிமையாளரிடம் அதிகக் கவனத்தைக் கேட்பதில்லை. அதன் வெளிப்புறம்தான் கேட்கிறது. கிளாசிக் தோற்றம் வெளியே தெரியும் உலோகத்தால் உருவாவது, அந்த உலோகத்தைத்தான் உப்புக்காற்றும் ஆண்டுக்கு இரண்டு பருவமழைகளும் தாக்குகின்றன. நிறுவனத்தின் கையேடு கிலோமீட்டரைக் கணக்கில் வைத்து சர்வீஸ் அட்டவணை தருகிறது. குளச்சலிலோ முட்டத்திலோ வீட்டு முற்றத்தில் நிற்கும் வண்டி ஒரு கிலோமீட்டர்கூட ஓடாவிட்டாலும் துருப்பிடிக்கும் என்பதால், கையேட்டின் அட்டவணையோடு வானிலையையும் கடலின் தொலைவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதல் படி: வண்டி எங்கே நிற்கப்போகிறது என்று முடிவு செய்யுங்கள்

மாடலைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் இடத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். இம்மாவட்டம் பரப்பளவில் சிறியதானாலும், மோட்டார் சைக்கிளைப் பொறுத்தவரை இங்கே மூன்று வேறுபட்ட சூழல்கள் இருக்கின்றன.

முதலாவது, தேங்காப்பட்டணம் முதல் கன்னியாகுமரி வரையிலான கடலோரம். இங்கே அலை தெறிக்கும் நுண்துளிகள் காற்றோடு கலந்து வந்து உலோகத்தின் மேல் படிந்து, நீர் ஆவியானபின் உப்பாக நிற்கின்றன. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் தன்மையுடையது. ஆகையால் மழையே பெய்யாத நாளிலும் வண்டியின் மேற்பரப்பு முழுமையாக உலர்வதில்லை. மணவாளக்குறிச்சிப் பகுதியில் இதனுடன் கனிம மணலும் சேர்ந்துகொள்கிறது. அதைப் பற்றிச் செயின் பகுதியில் விரிவாகப் பார்க்கலாம்.

இரண்டாவது, குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறை, கீரிப்பாறை ஆகியவற்றை உள்ளடக்கிய ரப்பர் தோட்டப் பகுதி. இங்கே உப்பின் தொல்லை குறைவு. மழையும் சேறும் அதிகம். ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் காலத்தில் சாலை முழுவதும் சருகு பரந்துகிடக்க, அதன்மேல் சிறு தூறல் விழுந்தால் டயருக்குப் பிடிப்பு இல்லாமல் போகிறது.

மூன்றாவது, தோவாளையும் ஆரல்வாய்மொழிக் கணவாயும். தென்மேற்குப் பருவக்காற்று மலை இடைவெளியில் குவிந்து வீசுவதால்தான் முப்பந்தலில் காற்றாலைகள் நிற்கின்றன. அந்தக் காற்று பக்கவாட்டிலிருந்து வண்டியையும் தள்ளும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அவ்வழியே நாள்தோறும் சென்றுவருபவர்கள் அகலமான முன்கண்ணாடி, பக்கப்பெட்டி போன்றவற்றைப் பொருத்துவதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும். காற்றைத் தாங்கும் பரப்பு கூடக்கூட, வண்டியை நேராக ஓட்டிச் செல்வது கடினமாகும்.

இரண்டாம் படி: வடிவமைப்பிலிருந்து எதை எதிர்பார்ப்பது

ஒரு புதிய மாடல் அறிவிக்கப்பட்டவுடன் எல்லோரும் குதிரைத்திறனையும் நிறத்தையும் பற்றித்தான் பேசுகிறார்கள். வாங்கிப் பத்தாண்டு வைத்திருக்க நினைப்பவர் வேறு விதமாகப் பார்க்க வேண்டும். பழைய தோற்றமுடைய ஒவ்வொரு பாகமும் உண்மையிலேயே வேலை செய்கிறதா, வெறும் அலங்காரமா என்று பிரித்தறிவதே வடிவமைப்பை எடைபோடுவதில் முதல் வேலை. அலங்காரம் தவறில்லை. ட்ரையம்ஃப் நிறுவனத்தின் போனவில் கார்புரேட்டரிலிருந்து எரிபொருள் உட்செலுத்தலுக்கு மாறியபோது, எஞ்சினுக்குள் செல்லும் காற்றைக் கட்டுப்படுத்தும் புதிய த்ராட்டில் பாடியைப் பழைய கார்புரேட்டரின் உருவத்திலேயே செய்து வைத்தார்கள். அதனால் யாருக்கும் எந்தக் கெடுதியும் வரவில்லை. ஆனால் வேலை செய்யும் பாகத்தை அலங்காரம் என்று நினைத்து கவனிக்காமல் விட்டால் செலவு வரும். காற்றும் எண்ணெயும் சேர்ந்து குளிர்விக்கும் எஞ்சினில் சிலிண்டரைச் சுற்றியுள்ள செதில்கள் வேலை செய்பவை, அவற்றின் இடுக்கில் சேறு காய்ந்து அடைத்துக்கொண்டால் வெப்பம் வெளியேறுவது குறைகிறது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் மேல் மாட்டப்படும் சுருக்கம் சுருக்கமான ரப்பர் உறை பழைய பாணிக்காக வைத்ததுபோலத் தோன்றினாலும், மணலும் உப்பும் குழாயின் பளபளப்பான பரப்பில் படாமல் காப்பாற்றுகிறது. கடலோரத்தில் வாழ்பவர்களுக்கு அந்த உறை உள்ள மாடலையே நான் பரிந்துரைப்பேன்.

சக்கரத்தைப் பற்றிய முடிவு எல்லாவற்றையும்விட முக்கியமானது. ஸ்போக்ஸ் சக்கரத்தின் அழகை மறுப்பதற்கில்லை. ஆனால் வழக்கமான ஸ்போக்ஸ் ரிம்மில் ஒவ்வொரு கம்பியின் நுனியை இறுக்கும் நிப்பிளும் ரிம்மைத் துளைத்துக்கொண்டு நிற்பதால் காற்று கசியும், அதனால் உள்ளே டியூப் தேவை. டியூப் உள்ள சக்கரம் பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றி, டயரைப் பிரித்து, ஒட்டிப் பின் மாட்ட வேண்டும். பேச்சிப்பாறையைத் தாண்டிக் கோதையாறு செல்லும் வழியில் மாலை நேரத்தில் இது நேர்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அலாய் சக்கரத்தில் டியூப்லெஸ் டயர் வருவதால், ஆணியைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்திலேயே ஒரு சொருகியை வைத்துக் காற்றடித்துக்கொண்டு கிளம்பிவிடலாம். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 போன்ற மாடல்களில் இரண்டு வகையும் கிடைக்கின்றன. மலைப்பாதையில் அடிக்கடி செல்பவர்களுக்கும் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் குடியிருப்பவர்களுக்கும் அலாய்தான் ஏற்றது என்பது என் தீர்மானம். ஸ்போக்ஸ்தான் வேண்டும் என்று மனம் பிடிவாதம் பிடித்தால், அதற்குரிய உழைப்பையும் ஏற்றுக்கொண்டு வாங்குங்கள்.

குரோமியப் பூச்சு வெளிப்பார்வைக்கு முழுமையான தகடுபோல் தெரிந்தாலும் அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. உப்புநீர் அவற்றின் வழியே இறங்கி அடியிலுள்ள எஃகை அரிக்கத் தொடங்கும்போதுதான் பளபளப்பின் நடுவே ஊசிமுனை அளவில் பழுப்புப் புள்ளிகள் தோன்றுகின்றன. ஒரே மாடலில் குரோமியம் மிகுந்த வகையும் கறுப்பு வண்ணம் பூசிய வகையும் இருந்தால், கடலோரத்தார் பின்னதைத் தேர்ந்தெடுப்பது வேலையைப் பாதியாகக் குறைக்கும்.

ஷோரூமில் நிற்கும்போது விற்பனையாளர் காட்டாத மூன்று இடங்களை நீங்களே குனிந்து பாருங்கள். பின் மட்கார்டின் உட்புறத்தில் கையை விட்டுத் தடவிப் பார்த்தால், தகரத்தின் விளிம்பு உள்ளே மடிந்திருப்பது விரலில் தட்டுப்படும். அந்த மடிப்பில்தான் சேறு தங்கி, ஈரம் காயாமல் நின்று, உள்ளிருந்து வெளியே துரு கிளம்புகிறது. அடுத்து, பெட்ரோல் டேங்கின் மூடி பள்ளத்துக்குள் பதிந்திருக்கும் வகையாக இருந்தால், அப்பள்ளத்தில் தேங்கும் மழைநீர் வெளியேற ஒரு சிறு துளை இருக்கிறதா என்று கவனியுங்கள். அது அடைபட்டால் நீர் டேங்குக்குள் இறங்க வழியுண்டு. மூன்றாவதாக, சென்டர் ஸ்டாண்டு இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத வண்டியில் செயினுக்கு எண்ணெய் போடுவது ஒவ்வொரு முறையும் இன்னொருவரின் உதவியை எதிர்பார்க்கும் வேலையாகிவிடும்.

எடையைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிடத் தள்ளிப் பார்ப்பது மேல். கிளாசிக் 350 வண்டியின் எடை 195 கிலோ. 2025-இல் இந்தியச் சந்தைக்கு வந்த கிளாசிக் 650-இன் எடை 243 கிலோ. விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வீடுகள் பலவும் சாலையிலிருந்து ஏற்றமாகவோ இறக்கமாகவோ அமைந்த குறுகிய வழியின் முடிவில் இருப்பவை. மழை நனைந்த செம்மண் சரிவில் அந்த எடையைப் பின்னோக்கித் தள்ளி நிறுத்த உங்களால் முடியுமா என்பதை வாங்கும் முன்பே சோதித்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ராயல் என்ஃபீல்டு 2020-இல் மீட்டியார் 350 மூலம் அறிமுகப்படுத்திய 349 சி.சி. எஞ்சினில் சிலிண்டரின் விட்டம் 72 மி.மீ., பிஸ்டனின் ஓட்டம் 85.8 மி.மீ. நீண்ட ஓட்டத்தின் பயனாக 27 நியூட்டன் மீட்டர் இழுவிசை நிமிடத்துக்கு 4,000 சுழற்சியிலேயே கிடைத்துவிடுகிறது. மார்த்தாண்டம், தக்கலை நெரிசலிலும் வளைவுகள் நிறைந்த உட்சாலைகளிலும் அடிக்கடி கியர் மாற்றாமல் ஓட்ட இந்தக் குணம் பொருந்தும். ட்ரையம்ஃப் ஸ்பீட் 400 முற்றிலும் வேறு இயல்புடையது, 398 சி.சி., 40 பி.எஸ். திறன், திரவக் குளிர்விப்பு. அதில் ரேடியேட்டரின் நுண்ணிய செதில்களில் முன்சக்கரம் வாரியிறைக்கும் சேற்றை நீக்கும் வேலை கூடுதலாகச் சேரும். விலையைக் கணக்கிடும்போது, 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான இருசக்கர வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடாகவும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 விழுக்காடாகவும் இருப்பதை மறக்க வேண்டாம்.

மூன்றாம் படி: வண்டியை எடுக்கும் நாள்

பதிவு நாகர்கோவிலில் என்றால் டி.என். 74, மார்த்தாண்டத்தில் என்றால் டி.என். 75. பதிவுக்குப் போகும் முன்பே சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டும் வாரத்தையும் அடுத்த இரண்டும் ஆண்டையும் குறிப்பவை. 2325 என்றிருந்தால் அது 2025-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. வண்டி கிடங்கில் நீண்ட நாள் கிடந்ததா என்பதை இதிலிருந்து ஓரளவு ஊகிக்கலாம்.

புதிய இருசக்கர வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்தாண்டுக்குக் கட்டாயம். சொந்தச் சேதத்துக்கான காப்பீடு பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான் எடுக்கப்படுகிறது, இரண்டாம் ஆண்டில் அதைப் புதுப்பிக்கப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வீசியபோது இம்மாவட்டத்தில் எத்தனை மரங்கள் சாய்ந்தன என்பது நாம் எல்லோரும் கண்டது. மரம் விழுந்து வண்டி நசுங்கினால் மூன்றாம் நபர் காப்பீட்டால் உங்களுக்கு ஒரு காசும் வராது.

வண்டி வீட்டுக்கு வந்த அன்றே, புழுதி படியும் முன், குரோமியம் பூசிய பாகங்களுக்கும் வண்ணம் பூசிய பாகங்களுக்கும் மெழுகுப் பூச்சு கொடுங்கள். மட்கார்டின் உட்புறத்துக்கும் சேசிஸின் அடிப்பகுதியிலுள்ள வெல்டிங் இணைப்புகளுக்கும் துருத்தடுப்புத் திரவத்தைத் தெளிக்க வேண்டும். பிரேக் டிஸ்க்கின் மீதும் டயரின் மீதும் அது ஒரு துளிகூடப் படக்கூடாது.

நான்காம் படி: பழக்கும் காலம்

பழைய புல்லட் வைத்திருந்த பெரியவர்கள் அன்போடு தரும் அறிவுரைகளில் பாதி இன்றைய எஞ்சினுக்குப் பொருந்தாது. காலையில் பத்து நிமிடம் நிறுத்தி வைத்தே எஞ்சினைச் சூடாக்கு, சர்வீஸுக்கு ஒருமுறை கார்புரேட்டரைக் கழற்று, கடையில் கிடைக்கும் கெட்டியான ஆயிலை ஊற்று என்பவை வேறொரு தலைமுறை எஞ்சினுக்கு உரியவை. அரை நிமிடம் இயங்கவிட்டு, முதல் சில கிலோமீட்டரை மெதுவாக ஓட்டினால் போதும்.

முதல் 500 கி.மீ. வரை த்ராட்டிலைப் பாதிக்கு மேல் திருகாமல், வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுவது நல்லது. நான்குவழிச் சாலையில் ஒரே வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டுவதும், பின்னால் ஆளையும் பையையும் ஏற்றிக்கொண்டு கோதையாறு மலை ஏறுவதும் இக்காலத்தில் வேண்டாம். நாகர்கோவிலிலிருந்து சுசீந்திரம் வழியாகக் கன்னியாகுமரி வரை செல்லும் சமவெளிப் பாதையே இதற்கு ஏற்றது. ஊர்கள் குறுக்கிடுவதால் வேகம் தானாகவே கூடிக் குறையும். பிஸ்டன் வளையங்களும் கியர் பற்களும் ஒன்றோடொன்று பொருந்தும்போது உதிரும் நுண்ணிய உலோகத்தூள் முதல் ஆயிலில்தான் கலந்திருக்கும். எனவே முதல் சர்வீஸைத் தள்ளிப்போடவே கூடாது.

ஸ்போக்ஸ் சக்கரம் வாங்கியவர்கள் முதல் சர்வீஸில் கம்பிகளின் இறுக்கத்தைப் பார்க்கச் சொல்லிக் கேட்டுப் பெறுங்கள். புதிய சக்கரத்தின் கம்பிகள் ஓட்டத்தில் அமர்ந்து சற்றே தளரும். நீங்களே சோதிப்பதும் எளிது. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டே ஒரு சிறிய ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியையும் தட்டுங்கள். இறுக்கமாக இருப்பது தெளிவாக ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாக ‘டப்’ என்று அடங்கிவிடும். அப்படி ஒன்றிரண்டு கண்டால் நீங்களே திருக வேண்டாம். ஒரு கம்பியை மட்டும் இறுக்கினால் ரிம் கோணும். ஆகவே ரிம் கோட்டம் எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுப்பதே சரி.

ஆயிலைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு விதி உண்டு. இன்றைய பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் நனைந்திருக்கும். காருக்கான ஆயில்கள் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்க்கப்படுவதால் அவற்றை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். கையேடு கூறும் தடிமனும், டப்பாவின் மேல் ஜே.ஏ.எஸ்.ஓ. எம்.ஏ.2 என்ற தரக்குறியும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். ராயல் என்ஃபீல்டின் 349 சி.சி. எஞ்சினுக்கு 15 டபிள்யூ 50 என்ற தடிமன் சொல்லப்படுகிறது.

ஐந்தாம் படி: கழுவுதல்

இம்மாவட்டத்தில் பராமரிப்பின் பெரும்பகுதி கழுவுவதில்தான் இருக்கிறது. கடலோரத்தில் நிற்கும் வண்டியை வாரம் ஒருமுறையும், கடற்கரைச் சாலையில் ஓட்டிவந்த நாளில் அன்று மாலையும், நன்னீரால் அலசிவிட வேண்டும். சோப்பு ஒவ்வொரு முறையும் தேவையில்லை. உப்பு நீரிலேயே கரைந்துவிடும்.

எந்த நீரால் கழுவுகிறோம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கடலோர ஊர்களில் பல கிணறுகளும் ஆழ்துளைக் கிணறுகளும் உவர்ப்பானவை. அந்த நீரால் வண்டியைக் கழுவி வெயிலில் காயவிடுவது, உப்பைத் துடைத்துவிட்டு மறுபடியும் உப்பைப் பூசுவதற்குச் சமம். காய்ந்தபின் கறுப்பு எஞ்சின் மீது வெள்ளைத் திட்டு படிந்தால் உங்கள் நீர் அதற்கு உதவாது என்று அறிந்துகொள்ளுங்கள். குடிநீர்க் குழாயில் வரும் நீர் ஒரு வாளி போதும். துணியை நனைத்துத் துடைத்து, மறு துணியால் ஈரம் போக ஒற்றிவிட்டால் நீரும் மிச்சமாகும்.

வாட்டர் சர்வீஸ் கடைகளில் அதிக அழுத்தத்தில் பீய்ச்சும் நீர், சக்கர பேரிங், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மின் இணைப்பு, செயினின் ரப்பர் வளையங்கள், ஹேண்டில்பார் சுவிட்ச் ஆகியவற்றின் காப்புகளைத் தாண்டி உள்ளே புகுந்து கிரீஸை வெளியேற்றிவிடும். அந்த இடங்களில் மட்டும் நேராகப் பீய்ச்ச வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கழுவி முடித்தபின் பளபளப்புக்காக டீசலும் பழைய ஆயிலும் கலந்து தெளிக்கும் வழக்கத்தையும் அனுமதிக்காதீர்கள். அது ரப்பரைக் கெடுக்கும், புழுதியை ஒட்டவைக்கும், டிஸ்க்கில் பட்டால் பிரேக் பிடிக்காது.

ஈரமான வண்டியின் மேல் உறை போட்டு மூடுவது மூடாமல் விடுவதைவிடத் தீங்கானது. உறைக்குள் சிக்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் இரவு முழுவதும் உலோகத்தின் மேலேயே நிற்கும்.

குரோமியத்தில் பழுப்புப் புள்ளிகள் தோன்றிவிட்டால் உப்புத்தாளைத் தொடாதீர்கள். அலுமினியத் தாளைக் கசக்கி, நீரில் நனைத்து, அழுத்தாமல் வட்டமாகத் தேய்த்தால் மேலோட்டமான துரு நீங்கிவிடும். துடைத்து உலரவைத்து உடனே மெழுகு பூசுங்கள். பூச்சே உரிந்து எஃகு வெளிப்பட்டிருந்தால் இந்த முறை பயன்படாது.

ஆறாம் படி: செயின்

மணவாளக்குறிச்சி மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட், கார்னெட் ஆகிய கனிமங்கள் கலந்திருக்கின்றன. கார்னெட் உப்புத்தாள் செய்யப் பயன்படும் அளவுக்குக் கடினமானது. காற்றில் சாலைக்கு வரும் அந்த மணல், தாராளமாக கிரீஸ் பூசிய செயினில் ஒட்டிக்கொண்டால், செயின் சுற்றும் ஒவ்வொரு முறையும் அது ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பற்களை அரைத்துக்கொண்டே இருக்கும். அப்பக்கத்தில் ஓட்டுபவர்கள் எண்ணெயைக் குறைவாகவும் அடிக்கடியும் போட வேண்டும்.

சுமார் 500 கி.மீ.க்கு ஒருமுறையும், கனமழையில் நனைந்து வந்த மறுநாளும் செயினைக் கவனியுங்கள். இன்றைய செயின்களில் கண்ணிகளுக்கிடையே சிறு ரப்பர் வளையங்கள் உள்ளன. அவை உள்ளிருக்கும் கிரீஸைக் காப்பவை. பெட்ரோலில் கழுவினால் அவை இறுகி வெடித்துவிடும் என்பதால், மண்ணெண்ணெயோ அதற்கென விற்கும் திரவமோ தொட்டு மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து உலரவிடுங்கள். பின்னர் சக்கரத்தைக் கையால் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே செயினின் உட்புறத்தில் எண்ணெய் விட்டால், ஓட்டத்தின்போது அது வெளிநோக்கிப் பரவும். எஞ்சினை இயக்கிச் சக்கரத்தைச் சுழலவிட்டு இவ்வேலையைச் செய்வது விரலை இழப்பதற்கான வழி. எண்ணெய் போட்டவுடன் கிளம்பாமல் இரவு முழுவதும் விட்டு, காலையில் மிகையானதைத் துடைத்துவிடுங்கள். தொய்வு எவ்வளவு இருக்க வேண்டும் என்பது ஸ்விங்ஆர்மில் ஒட்டியுள்ள வில்லையிலும் கையேட்டிலும் இருக்கும். ஒரே இடத்தில் அளக்காமல் சக்கரத்தைத் திருப்பி மூன்று நான்கு இடங்களில் அளந்து, மிக இறுக்கமான இடத்தைக் கொண்டு சரிசெய்யுங்கள்.

ஏழாம் படி: பிரேக், டயர், மின்னிணைப்பு

காலையில் டிஸ்க் மீது செந்நிறத் துரு தெரிந்தால் அஞ்ச வேண்டியதில்லை. நான்கைந்து முறை பிரேக் பிடித்தால் மறைந்துவிடும். கவலைக்குரியது, பேடுகளை டிஸ்க் மீது அழுத்தும் காலிப்பரின் நகரும் ஊசிகளில் படியும் உப்பு. அவை இறுகிவிட்டால் ஒரு பக்கப் பேடு மட்டும் தேய்ந்து, வண்டியைத் தள்ளும்போது சக்கரம் கனமாகத் தெரியும். ஆண்டுக்கு ஒருமுறை, மே மாத இறுதியில், காலிப்பரைக் கழற்றி ஊசிகளைத் துடைத்து உரிய கிரீஸ் பூசச் சொல்லுங்கள். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் கலந்த திரவம் கோதையாற்றிலிருந்து இறங்கும்போது நீண்ட நேரம் பிரேக் பிடித்தால் கொதித்து, லீவர் தளர்ந்துபோகும். இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

டயரில் காற்றழுத்தத்தை வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் பாருங்கள். மழைக்காலத்தில் பள்ளங்கள் நீரில் மறைந்திருப்பதால், குறைந்த காற்றோடு ஓட்டினால் ரிம் வளைவதற்கான வாய்ப்பு கூடுகிறது.

2023 ஏப்ரல் முதல் விற்கப்படும் வண்டிகளில் எஞ்சினின் குறைகளைத் தானே கண்டறிந்து விளக்கின் மூலம் காட்டும் அமைப்பு உண்டு. அவ்விளக்கு எரிந்தால் உணரியின் (சென்சார்) இணைப்பு ஒன்றில் பச்சை நிற அரிப்பு படிந்திருப்பதும் காரணமாக இருக்கலாம். கடலோரத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேட்டரி முனைகளைச் சுத்தம் செய்து மெல்லியதாக வாசலின் பூசுங்கள். கழற்றும்போது முதலில் எதிர்முனை (மைனஸ்), மாட்டும்போது கடைசியில் எதிர்முனை. கூடுதல் விளக்கு பொருத்துவதானால் வயரை வெட்டி முறுக்காமல் தனி ரிலேயும் ஃபியூஸும் வைத்து இணைக்கச் சொல்லுங்கள். வெட்டிய இடத்தில் நீர் புகுந்து அரிப்பு தொடங்குவது ஒருபுறமிருக்க, வாரண்டியும் அதனால் பறிபோகும்.

டேங்கின் அடியில் மூழ்கியிருக்கும் பம்ப் பெட்ரோலால்தான் குளிர்கிறது. ரிசர்வ் விளக்கு எரிந்தபின் நாள்கணக்கில் ஓட்டும் பழக்கம் அந்தப் பம்பின் ஆயுளைக் குறைக்கும்.

எட்டாம் படி: இரண்டு மழைக்காலங்கள்

இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் மே மாதத்தில் ஒரு பெரிய கவனிப்பு, வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பர் இறுதியில் ஒரு சிறு கவனிப்பு, மழை ஓய்ந்தபின் ஜனவரியில் துருவைத் தேடி ஒரு முழுச் சோதனை என்று ஆண்டைப் பிரித்துக்கொண்டால், கிலோமீட்டர் எவ்வளவு ஓடியிருந்தாலும் வண்டி கைவிட்டுப் போகாது. ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா என்பதை ஜனவரிச் சோதனையில் மறக்காமல் பாருங்கள்.

வெள்ளத்தில் வண்டி மூழ்கியிருந்தால் ஸ்டார்ட் பொத்தானைத் தொடவே கூடாது. சிலிண்டருக்குள் நீர் இருந்தால் அதை அமுக்க முடியாமல் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, ஆயிலின் நிறத்தைப் பாருங்கள். பால் ஊற்றிய காப்பியைப் போல இருந்தால் நீர் கலந்துவிட்டது. வண்டியை ஏற்றிக்கொண்டு போய்ப் பணிமனையில் சேர்ப்பதே அப்போது செய்ய வேண்டியது.

ஒன்பதாம் படி: உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கும்போது

இம்மாவட்டத்தில் கிளாசிக் வண்டிகள் பலவும் வளைகுடா நாடுகளில் வேலை செய்பவர்களுடையவை. விடுமுறையில் வாங்கி, ஒரு மாதம் ஓட்டிவிட்டு, அடுத்த விடுமுறை வரை வீட்டில் நிறுத்திவிட்டுப் போகிறார்கள். வண்டி அதிகமாகக் கெட்டுப்போவது இப்படி நிற்கும்போதுதான்.

புறப்படுவதற்கு முந்தைய வாரம் வண்டியைக் கழுவி, முழுமையாக உலரவைத்து, மெழுகு பூசுங்கள். ஆயில் மாற்றிச் சில மாதங்கள் ஆகியிருந்தால் போகும் முன்பே மாற்றிவிடுவது நல்லது; பழைய ஆயிலில் சேர்ந்த அமிலத்தன்மை நிற்கும் எஞ்சினின் உட்புறத்தை அரிக்கும். டேங்கை நிரப்பி வையுங்கள். இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் இருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். காலியிடம் குறைவாக இருந்தால் உள்ளே காற்றும் ஈரமும் குறையும். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டயர்களில் காற்றைச் சற்று அதிகமாக வையுங்கள். பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, வீட்டில் இருக்கும் தம்பியிடமோ மைத்துனரிடமோ மாதம் ஒருமுறை சார்ஜ் போடச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை இரண்டு நிமிடம் எஞ்சினை இயக்கினால் போதும் என்று அவர்களிடம் சொல்லிவிட்டுப் போவது தவறு. எஞ்சின் முழுச் சூடாகாமல் நிறுத்தப்படும்போது எரிப்பில் உண்டாகும் நீராவி சைலன்சருக்குள்ளேயே குளிர்ந்து தங்கி, உள்ளிருந்து அரிக்கும்.

சைலன்சரின் வாயைத் துணியால் அடைத்து, ஒரு சிவப்பு நாடாவை வெளியே தொங்கவிடுங்கள். அடைக்காவிட்டால் குளவி கூடு கட்டும். நாடா இல்லாவிட்டால் துணியை எடுக்க மறந்து ஸ்டார்ட் செய்வார்கள். சீட்டின் அடியிலும் ஏர் ஃபில்டர் பெட்டியிலும் எலி புகும் என்பதால், நெல்லோ தேங்காயோ சேர்த்துவைக்கும் அறையில் வண்டியை நிறுத்த வேண்டாம்.

திரும்பி வந்தபின் முதல் நாளே சாவியைப் போட்டுக் கிளம்பாதீர்கள். துணியை எடுத்து, எலி கடித்த வயர் உண்டா என்று சீட்டைக் கழற்றிப் பார்த்து, பிரேக் லீவரைப் பிடித்து அழுத்தம் நிற்கிறதா என்று சோதித்து, டயர் காற்றைச் சரிசெய்து, செயினுக்கு எண்ணெய் போட்ட பிறகு எஞ்சினை இயக்குங்கள். முதல் ஓட்டத்தை ஊருக்குள் இருபது கிலோமீட்டருக்குள் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் ஃபோர்க்கின் அடியிலும் எஞ்சினின் கீழும் ஆயில் கசிவு உண்டா என்று தரையில் ஒரு வெள்ளைத் தாளை விரித்துப் பாருங்கள். தாளில் கறை விழாவிட்டால் மறுநாள் நீண்ட பயணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம்.